நண்பகலுக்குள் தண்ணீர்

ஷவர் முதலில் நன்றாகத்தான் கொட்டியது. வசீகரன் நிமிர்ந்து மூச்சு விடுவதற்குள் நூலாக இளைத்துப்போனது. காலடியில் பம்ப் மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில், ஜூரோங் கப்பல் பட்டறையில் பார்த்த அலுவலக வேலையை விட்டுவிட்டு வாங்கிய படகு. இன்று முதல் சவாரி. தென் தீவுகளில் கடலில் நீந்திவிட்டு வருகிறவர்கள் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். சவாரிக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் அஸ்மத் அதில் கறார். நண்பகலுக்குள் சரியாகாவிட்டால் சவாரி வேறு படகுக்குப் போகும். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவும் மாட்டார்.

வடிகட்டியைக் கழற்றினான். சுத்தமாக இருந்தது. குழாய் இணைப்புகளைத் தடவிப் பார்த்தான். கசிவு இல்லை. பேட்டரியிலும் குறையில்லை. மறுபடி திறந்தான். கொட்டியது, இளைத்தது, சொட்டியது.

“தொட்டி காலியா இருக்கும்லா,” என்றாள் அவன் மனைவி மயூரா. அவனுக்கு உதவ லீவு போட்டு வந்திருந்தாள்.

“காலையில நீதானே ரொப்புன?”

“ரொப்புனது நான். குடிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது.”

கைப்பேசி அடித்தது. அஸ்மத்.

“வசீ, ஆளுங்க சாப்பிட உக்காந்துட்டாங்க. தண்ணி என்னாச்சு?”

“இன்னும் கொஞ்ச நேரம், பாய்.”

“பாய் பாய்னா வந்துடுமா? பம்ப்கிட்ட கெஞ்சுங்க.”

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, மேல்தளத்தில் தண்ணீர் நிரப்பும் மூடியைத் திருகினான். இறுகிக் கிடந்தது. பலம் கொடுத்துத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. கீழே ஷவர் சடசடவெனக் கொட்டியது. மூடினான். சற்று நேரத்தில் மறுபடி இளைத்தது.

தண்ணீர் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் காற்று போக வேண்டும். அதற்குப் படகின் வெளிப்புறத்தில் ஒரு சிறு துளை உண்டு. விளிம்பில் கவிழ்ந்து பார்த்தான். துளை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது.

“மயூரா! இங்கயும் பொட்டு வச்சியா?”

“நேத்து பூஜையில எல்லா இடத்துலயும்தான் வச்சேன். ஓட்டை அசிங்கமா இருந்துச்சு. நல்லா அழுத்தி வச்சேன்.”

“அது படகோட மூக்கு!”

“மூக்குக்குப் பொட்டு வைக்கக்கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?”

அவன் விரல் துளைக்குள் நுழையவில்லை. அவள் கொண்டை ஊசியை உருவிக்கொண்டு குப்புறப் படுத்தாள். அவன் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டான். “முருகா, மன்னிச்சுக்கோ,” என்று முனகியபடி குடைந்தாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாகக் கடலில் உதிர்ந்தது.

மூடியை இறுக்கிவிட்டு ஷவரைத் திறந்தான். இளைக்கவில்லை. அஸ்மத்தை அழைத்துக் கைப்பேசியைத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நேரே நீட்டினான்.

“சரி சரி, கேக்குது. அனுப்புறேன்,” என்றார் அஸ்மத்.

வசீகரன் நகரவில்லை. இப்போது நிற்குமோ, இப்போது நிற்குமோ என்று ஷவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மயூரா கையை நீட்டி அதை மூடினாள்.

“வர்றவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க.”