சரிவில் இரண்டு தடம்

இறந்து கிடந்த மாமனாரின் வலது கையை மடியில் வைத்து நகங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மருமகளுக்குத் தைல வாடை குப்பென்று அடித்தது.

"அப்பாவுக்குத் தைலம் தேச்சியா?" என்றான் கணவன், தண்ணீர் வாளியை இறக்கியபடி.

"வீட்டுல ஏது தைலம்? தீர்ந்து மாசமாச்சு."

நகக்கண்ணில் வெள்ளை மண். கூடவே நூல் போல ஒரு வேர். கிள்ளிப் பார்த்தாள், வாடை அதிலிருந்துதான் வந்தது. மிளகுநங்கை வேர். காட்டுச்செடி தேடியே வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு இந்தக் குட்டிச் செடியின் மேல் தனிக் கிறுக்கு. ஈர நிலத்தில் ஒரு வகை, மணலில் ஒரு வகை, ஊருக்கு வெளியே ஆடு மேயும் சுண்ணாம்புச் சரிவில் ஒரு வகை என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு. அவருக்காக அவள் கொல்லையில் எரு போட்டு அதை வளர்க்கப் பார்த்தாள். பொட்டல் மண்ணில் பிழைக்கிற செடி, வாரத்துக்குள் அழுகிப்போனது. "சோறு போட்டே கொன்னுட்டியேம்மா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

கொல்லை மண் கறுப்பு. வெள்ளை மண் அந்தச் சரிவில்தான் உண்டு. அவரோ மழைக்காலம் முழுக்கப் படுத்த படுக்கை. புரண்டு படுக்கவே ஆள் வேண்டும்.

கணவன் மண்ணைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நேற்று அவனுக்கு இரவு வேலை.

"ராத்திரி முழிச்சுத்தானே இருந்தே?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

பச்சைப் பொய். அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருந்தாள். விழித்தபோது அவர் சில்லிட்டுக் கிடந்தார். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் போய்விட்டாரே என்று நெஞ்சு அறுத்தது. தெரிந்தால் இவன் முகத்தில் எப்படி விழிப்பது?

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்ததும், கணவன் சொல்லாமல் கொள்ளாமல் சரிவுக்குப் போனான். பொழுது சாய்வதற்குள் திரும்பி, வாசற்படியிலேயே நின்றான்.

"நீலமா பூத்துக் கெடக்கு. ஒரு எடத்துல கையால தோண்டியிருக்கு. பக்கத்துல முழங்கால் ஊனுன தடம்."

"மாமாவா?"

"ரெண்டு பேர்."

அவள் வாசலுக்கு வந்தாள்.

"எலும்பும் தோலுமா இருந்தாரே, தூக்கிட்டே போயிட்டியா?" அவன் குரல் உடைந்தது. "ஒரே ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போடான்னு எங்கிட்ட எத்தனை வாட்டி கெஞ்சுனாரு. நான் செய்யல. நீ செஞ்சிட்டே."

"ஐயோ, இல்லைங்க. நான் தூங்கிட்டேன். சத்தியமா எங்கயும் போகல."

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குனிந்து, வாசலோரம் கிடந்த அவளுடைய செருப்புகளை எடுத்தான். நேற்று சாயங்காலம் அவளே கழுவி வைத்தவை. படியில் மெல்லத் தட்டினான். வெள்ளையாக மண் உதிர்ந்தது. தட்டி முடித்து, தன் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தான்.