213 முதல் 249 வரை காணவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன பிப்ரவரியில் என் காரைப் பனி மூடுவதை ஜன்னலிலிருந்து தொள்ளாயிரம் படம் எடுத்தேன். [ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்கள் கனடாவின் வின்னிபெக்கில் ஒரு பிப்ரவரி இருந்துவிட்டு வந்து கேட்கவும்.] அத்தனையையும் ஒரே வீடியோவாக்க ஒரு மதியம் முழுக்கப் போனது. அந்தக் கடுப்பில், படங்களை வேகமாக வீடியோவாக்குவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் லோர்ன் ஹ்ரின்சக் ஒரு பெரோகியைத் தின்றுவிட்டார். கட்டுரை அதோடு கதையாகிவிட்டது.

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

வடக்கு வானத்தில் பச்சை ஒளி நடனமாடிய அந்த — (வேண்டாம். பதினாறு வருடத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் குப்பை போட வெளியே வந்தபோது.)

நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று கணக்கிட்டால், வாழ்க்கை என்பது — (வாழ்க்கை என்பது என்று ஆரம்பித்து யாரும் உருப்படியாக முடித்ததில்லை.)

ஆகவே தொடக்கம் இல்லாமலே ஆட்களுக்குப் போய்விடுகிறேன்.

2

லோர்ன் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் மனைவி பெர்னிஸ் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவர்கள் வீட்டின் அடித்தளத்தில் நான் வாடகைக்கு இருக்கிறேன். என் பெயர் மணிவண்ணன், அவர்களுக்கு மேனி. என் முகத்தைப் பார்த்ததுமே கணினி தெரிந்தவன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறேன்.

இருவரும் எதையும் முடித்தவர்கள் இல்லை. பின்வாசலில் மூன்று படி இருக்கிறது, அதற்கு மேல் தளம் கிடையாது. கராஜில் பாதிப் படகு. பெர்னிஸின் அக்கா மார்ஜிடம் படகுக்காக வாங்கிய துளைக்கருவி பதினொரு வருடமாகத் திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மார்ஜ் கேட்பது ஒரே கேள்விதான்: "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணையாவது முடிச்சு நான் பாத்துட்டுச் சாவேனா?"

(முதல் வரைவில் மார்ஜை வில்லியாக்கியிருந்தேன். பிறகு அந்தத் துளைக்கருவியை நினைத்துப் பார்த்தேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.)

அதனால்தான் படம் எடுத்தார்கள். இரண்டு நிமிடப் படம். ஊறுகாய் ஜாடியிலிருந்து தப்பித்த ஒரு வெள்ளரிக்காய், ஒரு பெரோகியைக் காதலிக்கிறது. பெரோகி என்பது உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுகு ஜாடி குறுக்கே வருகிறது, விழுகிறது. மொத்தம் ஆயிரத்து நானூற்று நாற்பது படம். வெள்ளரிக்காயை ஒரு மயிரிழை நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. சாப்பாட்டு மேசையில் ஐந்து மாதம். சமூகக் கூடத்தில் நடக்கும் குளிர்கால விழாவில் திரையிட வேண்டும், மார்ஜ் முன்வரிசையில் உட்கார்ந்து முடிவுவரை பார்க்க வேண்டும். இருவருக்கும் வேண்டியது அவ்வளவுதான்.

நகர்த்துவது லோர்ன். மடிக்கணினித் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது பெர்னிஸ். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவர் கேட்பார்: "கை?"

லோர்ன் சொல்வார்: "வெளிய."

பிறகுதான் அழுத்துவார், படத்தில் கை விழுந்துவிடக் கூடாதே. அடித்தளத்தில் படுத்துக்கொண்டு நான் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். கை, வெளிய. கை, வெளிய. தூக்கம் நன்றாக வரும்.

3

212ஆவது படம் எடுத்த மறுநாள் காலையில் லோர்ன் கதாநாயகியைத் தின்றார்.

[இதை வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் மாற்றிப் பார்த்தேன்: பூனை தின்றது என்று. பூனை மேல் பழி போட மனம் வரவில்லை. அவர்களிடம் பூனையும் இல்லை.]

"உறைபெட்டியில ஒண்ணே ஒண்ணு தட்டுல தனியா கெடந்துச்சு, பெர்னி. வீணாப் போகுதேன்னு…"

"தனியாத்தான் கெடக்கும். அது கதாநாயகி."

"எனக்கென்ன தெரியும்?"

"ரெண்டு மிளகு வச்சுக் கண்ணு பண்ணியிருந்தேனே. அதையாவது பாத்திருக்க வேணாமா?"

"ஒறைக்குதேன்னுதான் நெனச்சேன்."

பெர்னிஸ் அவரோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் விழாவுக்குள் இன்னும் ஆயிரத்துக்கு மேல் படம் எடுக்க வேண்டியிருந்ததால் படப்பிடிப்பை நிறுத்தவில்லை. புது நாயகி வந்தாள். நான்கு மாலைப் பொழுதுகள் இருவரும் வாயைத் திறக்காமல் படம் எடுத்தார்கள். கை என்று யாரும் கேட்கவில்லை, வெளிய என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போனது. ஐந்தாம் நாள் தண்ணீர்க் குழாய் உறைந்தது. உறைந்த குழாயைப் பற்றிப் பேசாமலிருக்க இந்த ஊரில் எந்தத் தம்பதியாலும் முடியாது. பேச்சு வந்துவிட்டது. மன்னிப்பு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, பெர்னிஸுக்கு அந்தக் குறை இருந்தது.

அந்த நான்கு நாளில் எடுத்த முப்பத்தேழு படத்திலும் லோர்னின் கை விழுந்திருந்தது. கடைசியில் படங்களைச் சுத்தம் செய்தபோது பெர்னிஸ் அத்தனையையும் அழித்தார்.

4

விழா நாள், சனிக்கிழமை. திரையிடல் மதியம் இரண்டு மணிக்கு. நானும் அவர்களும் பன்னிரண்டு மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்தோம். என்னிடம் இப்போது ஒரு இலவச நிரல் இருந்தது. படங்கள் இருக்கும் இடத்தைக் காட்டி, நொடிக்குப் பன்னிரண்டு என்று சொன்னால் போதும், வரிசையாக ஒட்டி வீடியோவாக்கிவிடும். ஓட்டினேன். முடிந்தது என்றது.

"ரெண்டு நொடி," என்றார் லோர்ன். "நம்ம பஸ்ல கதவு தொறக்கவே இதவிட நேரமாகும். மேனி, நீ பெரிய ஆளுப்பா."

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். போட்டுப் பார்த்தோம். வெள்ளரிக்காய் வந்தது. பெரோகி எட்டிப் பார்த்தது. பதினேழாவது நொடியில் படம் முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றார் பெர்னிஸ். "அஞ்சு மாசம்?"

இந்த நிரல் எண்ணிக்கொண்டே போகும் ஜாதி. 210, 211, 212. அடுத்து 213 இல்லையா, சரி, கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். பிழை என்றுகூடச் சொல்லாது. அவ்வளவு வேகமாக முடித்ததற்குக் காரணம், வேலையே செய்யவில்லை.*

* கணினி தெரிந்தவர்கள் இப்போது கடிதம் எழுதுவார்கள்: மிச்சப் படங்களுக்கு எண்ணை மாற்றிப் போட்டால் தீர்ந்ததே. போட்டேன் ஐயா. அவர்கள் தனியாகப் பதிந்து வைத்திருந்த ஒலியைவிடப் படம் மூன்று நொடி முன்னால் போய்விட்டது. கடுகு ஜாடி ஓசையில்லாமல் விழுந்தது. எல்லாரும் மறந்தபிறகு தடாலென்று சத்தம் வந்தது.

"மணி பன்னெண்டரை," என்றார் பெர்னிஸ். "மார்ஜ் இந்நேரம் கெளம்பியிருப்பா. அவளுக்கு நாற்காலி வேற சொந்தமா கொண்டு வர்ற பழக்கம்."

6

ஐந்தைக் காணவில்லை என்று கவனித்திருப்பீர்கள். நீங்கள் அந்த நிரலாக இருந்திருந்தால் நான்கோடு கதை முடிந்தது என்று எழுந்து போயிருப்பீர்கள். ஐந்தை நான் எடுத்துவிட்டேன். அதில் என் கை விழுந்திருந்தது.

இப்போது சமூகக் கூடம். மணி இரண்டடிக்க ஐந்து நிமிடம். பெர்னிஸிடம் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் கை இருக்கிறது. மற்றதில் 212ஆம் படமே முப்பத்தேழு தடவை வருகிறது: வெள்ளரிக்காய் மூன்று நொடி சும்மா நிற்கும், கை கிடையாது. இரண்டுமே இரண்டு நிமிடம் முழுதாக ஓடும். எதைப் போடுவது?

முடிவு அ: சுத்தமானதைப் போடுகிறார்கள். கைதட்டல் மரியாதையாக இருக்கிறது. மார்ஜ் துளைக்கருவியைக் கேட்கிறார்.

முடிவு ஆ: கை உள்ளதைப் போடுகிறார்கள். கூடமே எழுந்து நின்று — (இல்லை. இந்த ஊரில் கோட்டோடு உட்கார்ந்தவர்கள் லேசில் எழ மாட்டார்கள்.)

முடிவு இ: மின்சாரம் போய், எல்லாரும் இறைச்சிப் பொட்டலத்தைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்றும் சப்பென்று இருக்கின்றன. ஒரு கையில் என்ன வந்தது என்று உங்களுக்குத் தோன்றும். ஐந்தைத் தராமல் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தாருங்கள்.

5

"அழிச்சது கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியிலதான் இருக்கும்," என்றேன். இருந்தது. முப்பத்தேழையும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை பத்து நொடிக்கு மேல் ஆனது. நல்ல அறிகுறி.

பதினேழாவது நொடி தாண்டியது. திரையின் ஓரத்திலிருந்து லோர்னின் கை வந்தது. இரண்டு விரலைக் காலாக ஊன்றி, மேசைமேல் நடந்து வந்தது. வெள்ளரிக்காயைத் தாண்டிப் போனது. புது நாயகியின் முன்னால் நின்றது. ஒரு விரலை மடக்கி மண்டியிட்டது. அப்புறம் தலை குனிந்தது. கைக்குத் தலை ஏது என்று கேட்காதீர்கள், குனிந்தது. பிறகு எழுந்து வந்த வழியே நடந்து போனது. மொத்தம் மூன்று நொடி.

வெள்ளரிக்காய் தன் காதலைத் தொடர்ந்தது. ஜாடி விழுந்தது, சத்தம் சரியாக வந்தது.

"தெரியாம விழுந்த கை இல்லையா அது?" என்றார் பெர்னிஸ்.

"நாலு நாள் ஆச்சு அத நடக்க வைக்க," என்றார் லோர்ன். "நீ என் மொகத்தப் பாக்கல. திரையத்தானே பாத்துட்டிருந்தே."

"ஒவ்வொண்ணாத்தானே பாத்தேன். ஒவ்வொண்ணா பாத்தா வெறும் கையி, லோர்ன்."

"ஆமா. ஓட்டிப் பாப்பேன்னு நெனச்சேன்."

பெர்னிஸ் மூக்கைச் சிந்தினார். லோர்ன் என் பக்கம் திரும்பி, "மேனி, இது வேணாம். மார்ஜ் பாக்கணுமா இத? கை இல்லாம ஒண்ணு பண்ணு," என்றார். பண்ணினேன்.

இப்போது என் கை. படங்களைச் சுத்தம் செய்த அன்று பெர்னிஸ் கீழே வந்து என்னிடம் கேட்டிருந்தார்: "மேனி, கை விழுந்ததெல்லாம் என்ன பண்ண?" நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அழிச்சிடுங்க," என்றேன். ஒரு மனிதர் நான்கு நாள் பாடுபட்டுக் கேட்ட மன்னிப்பை ஒரு வார்த்தையில் அழிக்கச் சொன்னவன் நான். சமையலறையில் இதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றுவரை சொல்லவில்லை, அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இங்கே சொல்கிறேன்.

7

திரையிடும் பெண் கேட்டார்: "ரெண்டு இருக்கே. எதப் போடட்டும்?"

மார்ஜ் முன்வரிசையில் சொந்த நாற்காலியில் இருந்தார். லோர்ன் பின்னால் கோட்டுகள் தொங்கும் இடத்தில், கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி நின்றார். பெர்னிஸ் திரும்பி, அறுபது தலைகளுக்கு மேலாக லோர்னைப் பார்த்தார்.

"கை?" என்றார்.

மார்ஜ் உட்பட எல்லாரும் லோர்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து மாதமாக அந்தக் கேள்விக்கு அவருக்கு ஒரே பதில்தான் தெரியும். அவருடைய வலது கை பையிலிருந்து மெல்ல எழுந்தது.

இதற்கு அடுத்த படம் என்னிடம் இல்லை. ஆனால் எண் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம், அதனால் அந்த எண்ணை மட்டும் போட்டுவைக்கிறேன். உங்கள் கை அதில் விழுந்தால் நான் அழிக்கச் சொல்ல மாட்டேன்.

8