முள் தின்ற முந்நூறு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் கிளப்பில் சொல்வார்கள். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருபத்தோரு வருடமாகக் கம்பி விமானம் விடுகிறேன். எங்கள் விமானத்துக்கு ரேடியோ கிடையாது. இரண்டு எஃகுக் கம்பிகளின் ஒரு முனை விமானத்தில், மறுமுனை என் கைப்பிடியில். நான் வட்டத்தின் நடுவில் நிற்பேன், அது என்னைச் சுற்றிப் பறந்து குட்டிக்கரணம் அடிக்கும். நாற்பது ஆண்கள் உள்ள கிளப்பில் என் அளவுக்கு எட்டுப் போடுகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் லுபோஷ்.

அந்த செப்டம்பரில் லூச்னா மைதானத்தில் தேர்வுப் போட்டி. உலகப் போட்டிக்குப் போகும் செக் அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். முதல் இரண்டு இடங்களையும் மின்மோட்டார் வைத்திருக்கும் இரண்டு ப்ராக் பையன்கள் சனிக்கிழமையே சுருட்டிக்கொண்டார்கள். மூன்றாவது இடம் லுபோஷுக்கா எனக்கா என்பதுதான் பாக்கி. அவர் தன் கடைசிப் பறத்தலை முடித்துவிட்டார். நான் ஆயிரத்து நாற்பது புள்ளிக்கு மேல் எடுத்தால் நான் போவேன், இல்லாவிட்டால் அவர் போவார். ஆயிரத்து நாற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஜூனில் இரண்டு முறை எடுத்திருக்கிறேன்.

மதியம் ஒரு மழை கொட்டிவிட்டுப் போனது. என் முறைக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது ராதிம் கூப்பிட்டான். ராதிம் என் கணவரின் தம்பி, டவுன் பஸ் ஓட்டுகிறான். போட்டிகளில் என் எஞ்சினைக் கிளப்பி விடுவது அவன்தான்.

"அண்ணி, முள்ளு படுத்துருச்சு."

"தட்டிப் பாருடா."

"தட்டியாச்சு, ஊதியாச்சு. மாதா கோயிலுக்கு நேந்துக்கறது ஒண்ணுதான் பாக்கி."

"மழை வருது, பெட்டியை மூடுன்னு சொன்னேனா இல்லையா? கண்ணெல்லாம் தட்டு மேல!"

"பொரிச்ச சீஸ் ஆறிப்போச்சுன்னா ரப்பர் அண்ணி."

முள் என்று அவன் சொன்னது என் டாக்கோமீட்டரை. புரொப்பெல்லருக்கு நேராகப் பிடித்தால், சுழலும் அலகுகள் எத்தனை முறை வெளிச்சத்தை வெட்டுகின்றன என்று பார்த்து நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும். நானே என் கையால் செய்தது. நான் செயற்கைப் பல் செய்கிறவள், நுணுக்கமான வேலை எனக்குப் புதிதில்லை. என் நோட்டைப் புரட்டினால் நன்றாகப் பறந்த நாள் எல்லாவற்றிலும் ஒரே எண்தான் இருக்கும்: ஒன்பதாயிரத்து எழுநூறு. அதற்கு முந்நூறு குறைந்தாலும் விமானம் தலைக்கு மேலே போகும்போது இழுவை விட்டுப்போகும். கம்பி தொய்ந்தால் கட்டுப்பாடு போச்சு. காற்று வேறு அடித்தால் விமானம் நேராக மண்டைமேல்தான் இறங்கும்.

காதால் கேட்டு வைக்கலாம்தான். ஆனால் பக்கத்து வட்டத்தில் பந்தய விமானங்கள் மூன்று ஒன்றாக ஊளையிட்டுக்கொண்டிருந்தன. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் திருகைக் காலையில் வைத்த இடத்திலேயே விடலாம் என்றால், மழைக்குப் பிறகு காற்றே மாறிவிட்டது. ப்ராக் பையன்கள் எல்லாவற்றையும் கணினியில் வைத்துக்கொள்கிறவர்கள், அவர்களிடம் டாக்கோமீட்டர் கிடையாது. குட்டிக்கரணம் போடுகிறவர்களில் எஞ்சின் வைத்திருந்தது நானும் லுபோஷும் மட்டும்தான், பந்தயக்காரர்களோ ஓட்டத்தின் நடுவில் இருந்தார்கள்.

லுபோஷிடம் போய்க் கேட்பதைவிட ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். காரணம் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஏப்ரலில் அவர் புதிதாக ஒரு டிஜிட்டல் டாக்கோமீட்டர் வாங்கி வந்தார். என் எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் வந்து அதைப் பிடித்தார். அவருடையது பத்தாயிரம் என்றது, என்னுடையது ஒன்பதாயிரத்து எழுநூறு என்றது. "மிலாதா, உன் முள்ளு முந்நூறு தின்னுது" என்றார். கிளப் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உன்னோடது நடுவுல பறக்கற ஈயையும் சேத்து எண்ணுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயரே முந்நூறு ஆகிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் விளையாட்டு. எந்தக் கருவி சரி என்று பார்க்க எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. டியூப் லைட் நொடிக்கு நூறு முறை மினுக்கும். அதற்கு நேராகப் பிடித்தால் இரண்டு அலகுக் கணக்கில் சரியாக மூவாயிரம் காட்ட வேண்டும். மறுநாளே என் பட்டறை விளக்கின் கீழே முள்ளைப் பிடித்தேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் நின்றது. மூன்று தடவை பிடித்தேன், மூன்று தடவையும் அதேதான்.

கிளப்புக்குப் போய், "மூவாயிரம். மயிரிழை பிசகில்லை" என்று சொன்னேன்.

பல் செய்கிறவள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? கிளப்பின் எஞ்சின் சோதனைக்கு என் முள்தான் அளவு என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். லுபோஷ் தன் கருவியை விற்பனைக்காரருக்கே அனுப்பிச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கடிதம் வாங்கி வந்தார். அதைப் படித்தும் சிரித்தார்கள். மனிதர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவர் புல்லில் உட்கார்ந்து கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நேராகப் போய் நின்றேன்.

"லுபோஷ், உன் கருவி வேணும்."

"எதுக்கு? அது ஈயையெல்லாம் எண்ணும்னியே?"

"இப்பத்தான் மழை பெஞ்சிருக்கு. ஈ எதுவும் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். எனக்குக் கொடுக்காவிட்டால் அணியில் இடம் அவருக்குத்தான், அது எங்கள் இருவருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினார்.

"ரெண்டு அலகுலதான் இருக்கு. எதையும் மாத்தாதே."

நடுவர் கொடி அசைத்தார். அந்த நொடியிலிருந்து ஏழு நிமிடம்தான். அதற்குள் எஞ்சினைக் கிளப்பி, முழு ஆட்டமும் ஆடி, இறக்கிவிட வேண்டும். வழக்கப்படி நான் விமானத்தின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். ராதிம் புரொப்பெல்லரை ஒரே சுண்டு சுண்டிக் கிளப்பினான். அவன் ஒரு கையில் கருவி, மறு கையில் திருகு. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போனவன் நிறுத்தி, கட்டைவிரலை உயர்த்தினான்.

"ஒன்பதாயிரத்து எழுநூறு! போங்க அண்ணி!"

"இன்னும் ஏத்து!"

"என்னது?"

"ஏத்துடா! பத்தாயிரம் வை!"

"நோட்டுல எழுநூறுன்னு இருக்கே! பயத்துல உளறாதீங்க!"

நானே திருகியிருப்பேன். ஆனால் பிடித்த கையை எடுத்தால் விமானம் தனியாகக் கிளம்பிவிடும். குளிருக்காகக் கூட்டச் சொல்கிறேன் என்று ஏதாவது புளுகியிருக்கலாம், ஆனால் அது எனக்கு இரண்டு நாள் கழித்து, பல்லுக்கு மெருகு போடும்போதுதான் தோன்றியது. மைதானத்தில் எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது, நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது, இவன் கட்டைவிரலை மடக்காமல் நின்றான்.

"என் முள்ளு தப்புடா! முந்நூறு கம்மியாக் காட்டும்!"

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்! ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்! ஏத்து!"

எஞ்சினைத் தாண்டிக் கத்த வேண்டியிருந்ததால் நடுவர் மேசை வரைக்கும் கேட்டிருக்கும். மேசைக்குப் பக்கத்து வரிசையில் எங்கள் கிளப்பார் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லுபோஷ் எழுந்து நின்றிருந்தார். ராதிம் வாயைப் பிளந்தபடியே திருகினான். எஞ்சின் குரல் ஒரு படி ஏறியது. அந்தக் குரலை எனக்குத் தெரியும், அது என் ஜூன் மாதத்துக் குரல்.

விமானத்தை ராதிம் கையில் விட்டுவிட்டுக் கைப்பிடியை எடுக்க நடக்கும்போது காதெல்லாம் சுட்டது. எடுத்ததும் சரியாகிவிட்டது. கையில் கைப்பிடி இருக்கும்போது எனக்கு எந்த வெட்கமும் இருக்காது.

நன்றாகப் பறந்தேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. சதுரத்தின் நான்கு மூலையும் கத்தியால் வெட்டியது போல விழுந்தன. தலைக்கு மேல் போடும் எட்டில் மேற்கிலிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கம்பி விண்ணென்று நின்றது. எஞ்சின் சுற்றில் முந்நூறு குறைந்திருந்தால் அந்த இடத்திலேயே விமானத்தைக் கூட்டி அள்ளியிருப்போம்.

ஆயிரத்து நாற்பத்து நான்கு.

ராதிம் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். எங்கள் கிளப்பார் கை தட்டினார்கள். தட்டினார்கள், ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. லுபோஷ் மட்டும் வந்தார், கையை நீட்டினார். கருவியைக் கொடுத்தேன். அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"லுபோஷ், நான் பண்ணது அசிங்கம். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"அதான் சொல்லிட்டியே. ஊருக்கே கேட்டுது."

"மன்னிச்சுக்கோ."

அவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நீ எழுநூறுலயே விட்டிருந்தா நான் ஓடி வந்து திருகியிருப்பேன்" என்றார். "அதுக்காகத்தான் எந்திரிச்சேன்."

"பைத்தியமா உனக்கு? நான் தோத்தா நீதானே அணியில போயிருப்பே?"

"போயிருப்பேன். ஆனா நீ என்ன சொல்லியிருப்பே? காத்து சரியில்லைன்னு சொல்லியிருப்பே. அவங்களும் நம்பியிருப்பாங்க. என் கருவியைப் பாத்து இன்னும் பத்து வருஷம் சிரிச்சிருப்பாங்க."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். அவர் சொன்னது உண்மை. மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது என்று, கைப்பிடியை எடுப்பதற்கு முன்பே, ராதிமிடம் இரண்டு தடவை சொல்லி வைத்திருந்தேன்.