பச்சைக்கு மேல் மணல் நிறம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் தம்பி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் கிளப்பிவிடுவது யார் என்பதை மட்டும் சொல்லமாட்டான். எங்கள் பட்டறையில் அவன் இன்ஜின் பார்க்கிறான், நான் பெயின்ட் அடிக்கிறேன். பழைய வண்டி எதுவானாலும், முதலில் அதற்கு என்ன நிறம் இருந்ததோ அதையே கண்டுபிடித்து அடிப்பது என் வேலை.

அந்தப் போர்க்கால மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரம்மா. வயது எண்பதை நெருங்கும். யாரோ கொட்டகையைக் காலி செய்தபோது விலைக்கு வந்ததாம். மேலே கறுப்பு, உரிந்த இடத்தில் சிவப்பு. வாங்கினவர்கள் எல்லாம் ஆசைக்கு ஆளுக்கொரு நிறம் பூசியிருந்தார்கள்.

"பெயின்ட் அடிக்கிறதெல்லாம் அப்புறம்மா. இது எங்கப்பா வண்டிதானான்னு எனக்குத் தெரியணும்," என்றார்.

அப்பாவுக்குப் படையில் செய்தி கொண்டுபோகும் வேலை. ஒரு நாள் வண்டியோடு வீட்டுக்கு வந்தார், மறுநாள் காலையில் கிளம்பினார். அவ்வளவுதான். ஆளும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. படையின் பதிவேடுகள் தீயில் போய்விட்டன. வண்டியில் பொறித்திருந்த எண்ணையும் யாரோ அரத்தால் ராவிவிட்டிருந்தார்கள்.

"எனக்கு அப்போ ஆறு வயசு. ஆனா அந்த நிறம் மறக்கலை. படையில எல்லா வண்டியும் பச்சை. அப்பாவோட முகாம்ல இருந்த பன்னெண்டு வண்டிக்கு மட்டும் பச்சை மேலே மணல் நிறம் அடிச்சாங்க." பையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாக ஒதுக்கினார். "இது இல்ல. இதுவும் இல்ல. இது கொஞ்சம் சிவப்பு தூக்கலா இருக்கு... இதுதான்!"

ஆகக் கணக்கு எளிது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மணல் நிறம் இருந்தால், அது பன்னிரண்டில் ஒன்று. தனக்கு அது போதும் என்றார்.

முகாமில் அடிக்கும் பெயின்ட் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேய்க்காமல், பிரைமர் இல்லாமல், அழுக்கின் மேலேயே பிரஷ்ஷால் இழுத்துவிடுவார்கள். பளபளத்தால் விமானத்திலிருந்து தெரிந்துவிடும், அதனால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக இருக்கும். சீக்கிரம் உதிரும். கேரியரின் அடி, மட்கார்டின் உட்புறம் என்று கை படாத இடங்களில்தான் மிஞ்சும். டேங்க்கை வேறு வண்டியிலிருந்தும் மாற்றியிருப்பார்கள், அதை நம்ப முடியாது. இவ்வளவும் தெரிந்த நான், பார்க்க வசதியாக இருக்கிறதே என்று போயும் போயும் டேங்க்கில் ஆரம்பித்தேன். வாட்டர் பேப்பரை நனைத்து, காசு அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தால் நிறங்கள் வளையம் வளையமாக வெளிவரும். மூன்று நாள், ஒன்பது இடம். கறுப்பு, சிவப்பு, பச்சை, இரும்பு. மணல் இல்லை.

தம்பிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "என்னக்கா, அந்த டேங்க்கைக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா? மூணு நாளா அதோட மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கே. காஸ்டிக் தொட்டி சூடா இருக்கு, மத்த சாமானையாவது போடுவியா மாட்டியா?"

"போட்டுத் தொலைக்கிறேன், வாயை மூடு!"

போட்டேன். ஃபிரேம், ஃபோர்க், மட்கார்டு, கேரியர், எல்லாவற்றையும். இருபது வருடமாகக் கழற்றிய சாமானைப் பெயின்ட் உரிக்கத் தொட்டியில் போட்டுப் பழகின கை. மதியம் டீ குடிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. கேரியரை நான் திருப்பியே பார்க்கவில்லை.

ஓடிப்போய்க் கொக்கியால் தூக்கினேன். எல்லாம் வெறும் இரும்பு. தொட்டியின் அடியில் எல்லா நிறமும் கலந்த சேறு. அதையும் குச்சியால் கிளறினேன், பைத்தியக்காரி மாதிரி.

தம்பி கிண்டலை மறந்துவிட்டான். மெதுவாகச் சொன்னான்: "அக்கா, மணல் நிறம் இருந்துச்சுன்னு சொல்லிடேன். அந்தம்மா கேட்க நினைக்கிறது அதைத்தானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. மறுநாள் நூல்கண்டைப் பார்த்து மணல் நிறம் கலக்கி, பழைய தகடு ஒன்றில் பச்சையின் மேல் அடித்து, காய்ந்ததும் மேலே சிவப்பும் கறுப்பும் ஏற்றி, வளையம் வளையமாகத் தேய்த்தும் பார்த்தேன். கைதேர்ந்த பொய்யாக வந்தது. நானே நம்பியிருப்பேன். அவர் ஆறுதல் கேட்டு வரவில்லை, தெரியவேண்டும் என்றுதான் வந்தார். தகட்டைச் சுரண்டிப்போட்டேன்.

அவர் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்மா."

"பார்க்காமலேயா?"

"பார்க்காமலேதான்."

"உனக்கு அறிவிருக்கா?" குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "அறுபது வருஷமா கத்திரி பிடிக்கிறேன். ஒருத்தர் துணியையாவது பார்க்காம வெட்டியிருப்பேனா? எனக்குன்னு அப்பா விட்டுட்டுப் போனது வேற என்ன இருக்கு?" தம்பி நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவர் உட்காரவில்லை. என்னைத் திட்டினால் பதிலுக்குப் பத்து திட்டுகிறவள் நான். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

வெறும் இரும்பாகக் கிடந்த கேரியரைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார். "அப்போ இது அப்பா வண்டின்னு சொல்ல முடியாது."

"முடியாதும்மா."

"இல்லைன்னும் சொல்ல முடியாது."

"அதுவும் முடியாதும்மா."

"மணல் நிறமே அடி. பிரஷ்ல அடி."

அடித்தேன். அவர் பக்கத்திலேயே நின்றார். ஒழுங்காக அடித்துப் பழகின எனக்கு அப்படி அடிப்பது பெரும்பாடாக இருந்தது. "இவ்வளவு நேர்த்தியாவா இருந்துச்சு? கோடு தெரியட்டும். நட்டையும் சேர்த்து மூடு. வழிஞ்சா வழியட்டும், துடைக்காதே," என்று விரட்டிக்கொண்டே இருந்தார். கோபம் தீரவில்லை என்பது ஒவ்வொரு வார்த்தையிலும் தெரிந்தது.

வேலை முடிந்தபின் அட்டை எழுதவேண்டும். பழைய வண்டிச் சங்கத்துக்கு நாங்கள் கொடுப்பது. நிறம் என்ன, அதற்குச் சான்று என்ன என்று இரண்டு கட்டங்கள் உண்டு. நிறத்தில் 'மணல்' என்று எழுதினேன். சான்றில், எந்த இடத்தில் எத்தனையாவது அடுக்கில் கிடைத்தது என்று எழுதுவது வழக்கம்.

"இதுல 'உரிமையாளர் விருப்பம்'னுதான் போடணும்மா," என்றேன்.

"கொடு இங்கே." அட்டையை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே நிதானமாக எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

'நான் பார்த்தேன். மகள்.'

தம்பி எட்டிப் பார்த்தான். "சங்கத்துல இதை ஒத்துக்குவாங்களாக்கா?" என்றான்.

நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.