பிடாரிக் குளத்தில் ஒரு நீராவிப் படகு

நிலத்தை விற்றுவிட்டு, வீட்டையும் காலி செய்துவிட்டுப் போவதற்காக ஊருக்கு வந்தவன் நாகநாதன். மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். அந்த உத்தியோகத்தில் பத்து நாள் லீவு என்பது குதிரைக் கொம்பு. அதையும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். முதல் நாள் பரணை ஒழிக்க ஏறியபோது, கிழிந்த ஜமுக்காளத்துக்குள்ளிருந்து அந்தப் படகு வந்தது. மற்ற வேலையெல்லாம் அத்தோடு நின்றுபோயிற்று.

ஒன்றரை முழ நீளத்தில் மரப்படகு. நாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறியபோது ஏலத்துக்கு விட்ட சாமான்களில் ஒன்று. நாகநாதனின் தாத்தா எடுத்தது. முகப்பில் டெய்சி என்று வெள்ளை எழுத்து. நடுவில் டம்ளர் அளவுக்கு ஒரு பித்தளைக் கொதிகலன், அதற்குக் கீழே ஸ்பிரிட் விளக்கு. விளக்கை ஏற்றிவைத்தால் நீராவி கிளம்பி, பின்னாலிருக்கிற விசிறி சுற்றி, படகு குடுகுடுவென்று குளத்தில் ஓடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. நாகநாதனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அது ஒரு நாள் மூழ்கியது. சேறு புகுந்த இயந்திரம் அதற்குப் பிறகு ஓடவில்லை.

வருகிற புதன்கிழமை பத்திரப் பதிவு. கொல்லைமேட்டு ஒன்பது மா நிலத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் சிங்காரவேலு வாங்குகிறார். தரகர் தியாகேசன் எல்லாம் பேசி முடித்துவிட்டான். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் ஆரம்பித்துவிடும் என்பதால் அதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். சிங்காரவேலுவுக்கு அன்று மாலையே சென்னைக்கு ரயில், மறுநாள் விமானம். இத்தனை அவசரத்துக்கு நடுவில் ஒரு மனிதன் பொம்மைப் படகைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? சொல்லத்தான் செய்தது. நாகநாதனுக்குக் காது கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு இருபத்துநாலு வருஷமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. கை சும்மா இருந்தால் இன்னும் மோசம்.

கொதிகலனின் தையல் வாய் பிளந்திருந்தது. பற்றவைத்தாலும் அழுத்தம் தாங்காது என்று தட்டிப் பார்த்ததுமே தெரிந்தது. நீராவிக்குப் பதில் மின்சாரம் என்று முடிவு செய்தான். கெட்டுப்போன டேப் ரிக்கார்டர் ஒன்றிலிருந்து சின்ன மோட்டாரைக் கழற்றினான். மோட்டாரின் அச்சையும் விசிறியின் அச்சையும் இணைக்க, சைக்கிள் கடையில் வால்வ் டியூப் ஒரு சாண் வாங்கினான். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ரப்பர் வளைந்து கொடுத்துவிடும். நாலு டார்ச் பேட்டரிக் கட்டையை வரிசையாகக் கட்டி, ஒரு சுவிட்ச் வைத்தான். அண்டாவில் மிதக்கவிட்டுப் பார்த்தால் படகு குடிகாரன் மாதிரி சாய்ந்தது. கொதிகலன் இருந்த பாரம் இப்போது இல்லையே! வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி அடியில் பரப்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது.

படகின் அடியில், தண்ணீர் வடிவதற்காக ஒரு ஓட்டை உண்டு. அதற்கு ஒரு தக்கை. அந்தத் தக்கை இருக்க வேண்டிய இடத்தில், கத்தியால் சீவிய ஒரு பூவரசங்குச்சி அறையப்பட்டிருந்தது. குச்சியைச் சுற்றித் துணி. மெல்ல நெம்பி எடுத்துத் துணியைப் பிரித்தான். சேறு படிந்த வெள்ளைத் துணி, ஓரத்தில் பச்சைக் கரை. மடையில் கசிவு கண்டால் இந்த ஊரில் இப்படித்தான் துணி சுற்றிக் கட்டை அடைப்பார்கள்.

நாகநாதன் துணியை முழங்காலில் போட்டு நீவினான். அந்தப் பச்சைக் கரை வேட்டி யாருடையது என்று அவனுக்குத் தெரியும். ராஜாங்கம் அதைக் கட்டிக்கொண்டு வந்த நாளும் தெரியும்.

எழுபதாம் வருஷம். குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்த சமயம். பதிவேட்டில் ஏறிவிட்டால் அப்புறம் மிராசுதார் நினைத்தாலும் குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாது. ஊர் ஊராக அதிகாரி வந்து சாவடியில் உட்கார்ந்து விசாரித்தார். தலையாரி வாசலில் நின்று பெயரை மூன்று தடவை கூப்பிடுவான். ஆள் வரவில்லையென்றால் அடுத்த பெயர். கொல்லைமேட்டை இருபது வருஷமாக உழுதவர் ராஜாங்கம். நாகநாதனின் அப்பா வைத்தியலிங்கம், பேச்சில் மட்டும் சர்க்கரை.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ராஜாங்கத்தைக் குளத்துலயே நிறுத்தி வை. உன்மேல அவனுக்கு உசிரு. நீ அழுதா விட்டுட்டுப் போகமாட்டான்” என்றார் மகனிடம். அவ்வளவுதான் சொன்னார். மிச்சமெல்லாம் பன்னிரண்டு வயது மூளை யோசித்தது.

குத்தகை ரசீதுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, வெளுத்த பச்சைக் கரை வேட்டியில், ராஜாங்கம் பிடாரிக் குளத்துக் கரை வழியாகச் சாவடிக்குப் போய்க்கொண்டிருந்தார். கிழக்குப் படித்துறையில் சின்னய்யா தேம்பித் தேம்பி அழுதுகொண்டு நின்றது.

“என்னங்க சின்னய்யா?”

“படகு முழுகிடுச்சு ராஜாங்கம்.”

“எங்க முழுவுச்சு?”

பையன் கையை நீட்டி மேற்கே, அல்லித்தழைப் பக்கம் காட்டினான். படகு அவன் காலடியில், கிழக்குப் படிக்குக் கீழேதான் கிடந்தது. தக்கை அவன் கால்சட்டைப் பையில் இருந்தது.

ராஜாங்கம் வேட்டியை அவிழ்த்துப் படியில் வைத்தார். மஞ்சப்பையைக் காற்று அடித்துப் போகாதபடி ஒரு கல்லை எடுத்து வைத்தார். கோவணத்தோடு இறங்கினார். “அஞ்சு நிமிசம் சின்னய்யா, அழுவாதீங்க” என்றார். முங்கினார், எழுந்தார், முங்கினார். அந்தப் பக்கத்தில் சேறு இடுப்பளவு.

அவர் தலை தண்ணீருக்குள் இருந்தபோது சாவடிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “ராஜாங்கம்... ராஜாங்கம்... ராஜாங்கம்...” மூன்று தடவை. பையனுக்கு நன்றாகக் கேட்டது.

ராஜாங்கம் மேலே வந்தார். மூக்கிலிருந்து தண்ணீர் வழிய, காதைச் சாய்த்தார். “யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“இல்ல” என்றான் பையன்.

அப்பா சொல்லித் தராத வார்த்தை அது. அதுதான் நாகநாதனை இத்தனை வருஷமும் அரித்தது. கை காட்டியதைக்கூட அப்பா கணக்கில் எழுதிவிடலாம். ‘இல்ல’ என்பது முழுக்க முழுக்க அவனுடையது. மத்தியானம் களைத்துப்போய்க் கிழக்குப் படியில் ஏறியபோது ராஜாங்கத்தின் காலில் படகு தட்டுப்பட்டது. எடுத்தார். புரட்டிப் பார்த்தார். பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்க வீட்டுக்குப் போங்க சின்னய்யா. நான் கொண்டாந்து தர்றேன்” என்றார். சாயங்காலம் படகு வீட்டுக்கு வந்தது. அடுத்த போகம் கொல்லைமேட்டில் வேறு ஆள் ஏர் பிடித்தான். ராஜாங்கம் அதே நிலத்தில் கூலிக்கு நாற்றுப் பறித்தார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று நாகநாதன் எத்தனையோ தடவை தனக்குள்ளேயே பட்டிமன்றம் நடத்தியிருக்கிறான். தெரியாது என்ற கட்சியே எப்போதும் ஜெயிக்கும்படி பார்த்துக்கொண்டான். இப்போது கையில் பூவரசங்குச்சி இருந்தது. பிடுங்கிய தக்கை என்று தெரிந்துதான், கட்டியிருந்த வேட்டியைக் கிழித்து அந்த மனிதர் ஓட்டையை அடைத்துக் கொடுத்திருக்கிறார்.

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் மனிதன் தந்திரசாலி. புதன்கிழமை காலையில் ராஜாங்கத்தைக் குளத்துக்கு வரச்சொல்லி, ஓடுகிற படகைக் காட்டி, மன்னிப்பும் கேட்டுவிட்டு, பதினோரு மணிக்குப் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. படகுக்குப் புதுத் தக்கை ஒன்று வாங்கிப் பொருத்தினான்.

ராஜாங்கத்தின் மகள் அம்சவல்லி சத்துணவு அமைப்பாளர். சொல்லியனுப்பப் போனபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள். “நிலத்த விக்கிறீங்களாமே? நல்லாருங்க. அப்பாகிட்ட சொல்றேன்.”

புதன்கிழமை பத்தரைக்கு ராஜாங்கம் வந்தார். எழுபதை நெருங்கிய உடம்பு, கையில் ஒரு கம்பு, கக்கத்தில் ஒரு பை. சின்னய்யா எப்போதோ தம்பி ஆகியிருந்தது. காலம் அந்த மட்டுக்கு மாறியிருந்தது. நாகநாதனுக்கும் அவரிடம் ‘ங்க’ போடாமல் பேச வராது.

சலவைச் சட்டையில் நின்ற நாகநாதன் படகைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. அன்னிக்கி...”

“மொதல்ல படகக் குடுங்க தம்பி. நான் ஒரு தடவ விடுறேன். அப்பல்லாம் நான் விட்டதே இல்ல.”

வாங்கினார். புரட்டிப் பார்த்தார். “என் கட்டைய எடுத்துட்டீங்களா?” என்றார். ராஜாங்கம் கிழக்குப் படியில் குந்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, படகைத் தண்ணீரில் வைத்துச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் முனகியது. டெய்சி அழகாகத்தான் கிளம்பியது. நாலு முழ தூரம் போவதற்குள் பின்பக்கம் தாழ்ந்தது. முகப்பு ஒரு தடவை தூக்கியது. அப்புறம் படகு இல்லை, குமிழிதான் இருந்தது.

ராஜாங்கம் திரும்பி உள்ளங்கையை விரித்தார். புதுத் தக்கை.

“முழுவிருச்சு தம்பி” என்றார். கம்பைத் தூக்கி மேற்கே, அல்லித்தழைப் பக்கம் காட்டினார். “அங்க கெடக்கு. எறங்கித் தேடுங்க.”

முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கக்கத்திலிருந்த பையை எடுத்துப் படியில் வைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். சாயம் போன மஞ்சப்பை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியம் நாகநாதனுக்கு இல்லை.

மணி பத்து ஐம்பது. பதிவு அலுவலகம் நாலு மைல். இப்போது புறப்பட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம். நாகநாதன் மஞ்சப்பையைப் பார்த்தான். கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். சலவைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கி மேற்கே நடந்தான். கால் சேற்றில் இறங்கியது. முங்கினான். கையால் துழாவினான். அல்லித்தண்டு கழுத்தைச் சுற்றியது. எழுந்தான், மூச்சு வாங்கினான், முங்கினான். அன்றைக்கு ராஜாங்கத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவன் உடம்புக்கு இப்போதுதான் தெரிந்தது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பதால் நன்றாகவே அழுதான்.

எத்தனை தடவை முங்கினானோ. ஒரு தடவை மேலே வந்தபோது கரையில் ஏதோ சத்தம் கேட்டதுபோல் இருந்தது. காதில் தண்ணீர் அடைத்திருந்தது. கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

“யாராச்சும் கூப்பிட்டாங்களா?” என்று கத்தினான். கேட்டு முடித்த பிறகுதான் தான் கேட்டது என்ன என்பது உறைத்தது.

“கூப்பிட்டாங்க தம்பி” என்றார் ராஜாங்கம், படியில் உட்கார்ந்தபடி. “தியாகேசன் வண்டியில வந்து நிக்கிறான். மூணு தடவ கூப்பிட்டான். இன்னும் அர மணி இருக்காம். போறதுன்னா போங்க.”

நாகநாதன் மார்பளவுத் தண்ணீரில் நின்று அவரைப் பார்த்தான். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அவன் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

“அந்த நெலம் விக்கிறதுக்கு இல்லேன்னு சொல்லி அனுப்பிடுங்க” என்றான். “அது உங்க நெலம்.”

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே கிடக்காத அந்த மேற்குச் சேற்றில் மறுபடி முங்கினான்.