குளிரில் விலகிய குரல்கள்

எங்கள் எஸ்டேட் கோயிலின் கீபோர்டு பூஞ்சை பிடித்துச் செத்தது. அதன்பின் உபதேசியார் லூயிஸ் மாமா பூசைப் பாடல்களைக் கைப்பேசியிலிருந்து ஸ்பீக்கரில் போட ஆரம்பித்தார். அதுவரை வாசித்துக்கொண்டிருந்த என் அக்கா ஐவி கடைசி பெஞ்சுக்குப் போனாள். பாடுவதையும் நிறுத்தினாள்.

அவளுக்காக ஒரு சிந்தசைசர், மின்சுற்றால் ஒலி எழுப்பும் கீபோர்டு, கட்ட ஆரம்பித்தேன். பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் பக்கங்களை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே சுரம் எழுப்பும் டிசைன் சுலபம்.

"ஒத்த விரல்ல குத்தவாடா நான் படிச்சேன்?" என்றாள்.

ஆகவே ஒரே நேரத்தில் நான்கு சுரம்: நான்கு குரல், குரலுக்கு ஒரு சர்க்யூட் போர்டு. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்; தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். உலர்த்தும் மெஷின் பக்கம்தான் விரல் விறைக்காது. அங்கேயே உட்கார்ந்து ஈயம் வைத்தேன். சுருதியும் அங்கேயே சேர்த்தேன். அதுதான் தப்பு.

ஞாயிறு காலை கோயிலுக்குள் பனி புகுந்திருந்தது. ஃபாதர் இன்னும் வரவில்லை. அக்கா நான்கு விரல்களை வைத்தாள். நான்கு குரலும் நான்கு பக்கம் இழுத்தன. பின்னால் சிரித்தார்கள்.

"தம்பி, ஆடு கத்துது லா," என்றார் லூயிஸ் மாமா. "ஸ்பீக்கரே போதும். இனிமே இந்தப் பேச்சே வேணாம்."

சூட்டில் சேர்த்த சுருதி குளிரில் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கக் குனிந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"இருக்கு. எல்லார் முன்னாலயுமா?"

"வெக்கமா இருந்தா கண்ண மூடிக்க. திருப்புடா."

முதல் குரலை அப்படியே விட்டு, இரண்டாவதை அதனுடன் சேர்த்து ஒலிக்க விட்டோம். இரண்டும் உரசி நடுங்கின. இரண்டாவது போர்டின் சுருதித் திருகைத் திருகினேன்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்."

நடுக்கம் நின்றது. மூன்றாவதும் அப்படியே வந்து உட்கார்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான்காவதைத் திருகும்போது, அக்கா வாய் திறக்கும் முன்பே, "நிறுத்து, வந்துடுச்சு," என்றார் லூயிஸ் மாமா.

ஃபாதர் வந்தார். அக்கா வாசித்தாள். வாசித்துக்கொண்டே பாடினாள்.

பாட்டு முடிந்ததும் நழுவப் பார்த்தேன். எனக்குத் தூக்கம் வேண்டும்.

"நில்லுடா," என்றாள் அக்கா, குரலை இறக்கி. "இத்தன பேரு மூச்சு விட்டா இங்க சூடாவும். மறுபடி விலகும். நீ இல்லாம முடியாது."

பிரசங்கம் முழுக்க அவள் பக்கத்தில் நின்றேன். அடுத்த பாட்டுக்கு முன் மூன்றாவது குரலைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது.