கிளம்பாத விருந்தாளி

"இன்னும் நிக்கலையா?"

"இல்லண்ணே. மூச்சு மெஷினை எடுத்தாச்சாம். இதயம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்காம், நர்ஸ் சொன்னாங்க."

"அப்ப நம்ம ஊர் மியெரெஸ்காரன்தான். கிளம்பறேன் கிளம்பறேன்னு வாசல்லயே பேசிக்கிட்டு இருப்பான். ஒரு கிளாஸ் ஆப்பிள் சைடர் ஊத்தினா திரும்ப உள்ள வந்து உட்கார்ந்துடுவான்."

எர்மினியா சிரித்துவிட்டாள். கண்களில் மஞ்சள் பூத்துப் படுத்திருந்த அண்ணன் எலோய் வேடிக்கையாகப் பேசிப் பல நாளாகியிருந்தது. அறுவைக்கு அவனைத் தயார் செய்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் இருந்த, இனி பிழைக்க வழியில்லாத ஒருவரின் இதயம் சீக்கிரம் நின்றால் அவருடைய ஈரல் இவனுக்கு. இழுத்துக்கொண்டே போனால் ரத்தம் போதாமல் ஈரல் கெட்டுவிடும். கோடையில் அப்படித்தான் ஆகி, வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை காத்திருக்க அவன் உடம்பு தாங்காது.

எர்மினியா வெளியே வந்தபோது, வராந்தாவில் காபி மெஷின் முன்னால் ஒரு பெண், ஆண்கள் போடும் கோட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். காசு போட்டவள் பொத்தானை அழுத்த மறந்திருந்தாள். எர்மினியா அழுத்திவிட்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"எங்கண்ணனுக்கு ஈரல் வரணும்க்கா. கொடுக்கிற மனுஷன் கிளம்பவே மாட்டேங்கிறாரு. எங்க மியெரெஸ் ஆளுங்க மாதிரி வாசல்லயே பேசிக்கிட்டு இருக்காரு போல. சீக்கிரம் முடியணும்னு நீங்களும் வேண்டிக்கோங்க."

அந்தப் பெண் காபிக் கோப்பையையே பார்த்தாள்.

"அவர் எப்பவும் அப்படித்தான்," என்றாள். "கோட்டை மாட்டிப்பார், எல்லாருக்கும் முத்தம் கொடுப்பார், அப்புறம் முதல்லேர்ந்து பேச ஆரம்பிப்பார். நான் கார்ல உட்கார்ந்து ஹாரன் அடிப்பேன்."

எர்மினியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. காலடியில் தரை பிளக்கக் கூடாதா என்றிருந்தது. அதைவிடக் கேவலம், அப்போதும் அவள் மனம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது: இப்போதாவது நின்றிருக்குமா?

"அக்கா, நான்..."

"நாம பேசிக்கவே கூடாதாம். யாருது யாருக்குப் போகுதுன்னு தெரியக் கூடாதாம்." அந்தப் பெண் கோட்டின் காலரை நீவினாள். "பக்கத்துல இருக்கலாம்னாங்க. நான்தான் பார்க்க முடியாம வெளியே வந்துட்டேன். எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரோ என்னமோ. தனியா உள்ள போகக் கால் வரல. என்கூட வர்றீங்களா?"